முடிச்சு வழுக்காத வலை

அமிர்தகழிக் கரையில் அநேகம்பேர் நைலோனுக்கு மாறிய பின்னும், எங்கள் அம்மப்பா கண்டல் பட்டையை அவித்து, அந்தச் சாற்றில் பருத்தி வலையைத் தோய்த்துக்கொண்டிருந்தார். பருத்தி ஈரத்தோடு கிடந்தால் உக்கிவிடும். வாவியில் ஒரு இரவு நின்றால் மறுநாள் பகலில் பாதி, வலை காயப்போடுவதிலேயே போகும். ஏன் இந்தப் பாடு என்று அம்மா கேட்டதற்கு, "முடிச்சு வழுக்குது புள்ள. மத்தவன்ட வலை ஒரு மாரி தாங்கட்டும், பொறகு பாப்பம்" என்றாராம்.

அதைப் பிடிவாதம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். நான்தான் பிழை. வழுவழுப்பான நைலோன் நூலில் பருத்திக்குப் போடும் முடிச்சு நழுவத்தான் செய்யும். நைலோன் பருத்தியைவிட இலேசானது, நீரில் தாழ ஈயமும் கூட வேண்டும். இரட்டை முடிச்சும், சூடேற்றி முடிச்சை இறுக்கும் முறையும் வந்த பிறகுதான் அம்மப்பா போன்றவர்கள் நம்பி வாங்கக்கூடிய வலையானது அது.

டூபொன்ட் ஆய்வுகூடத்தில் 1935இல் வாலஸ் கரோதர்ஸ் நைலோனை உருவாக்கியபோது மீனவரை யாரும் நினைக்கவில்லை. 1938இல் பல்துலக்கியின் தும்பாக வந்தது, 1940இல் பெண்களின் காலுறையாகக் கடைகளுக்கு வந்தது. காலுறை கிழிந்தால் இன்னொன்று வாங்கலாம். வலை கிழிந்தால் அந்தக் கிழமை உலையில் அரிசி இல்லை. இந்த வித்தியாசத்தை விற்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

புதியதை நம்பத் தயங்குவது அம்மப்பா மட்டுமல்ல. அமெரிக்காவின் அயோவாவில் கலப்பினச் சோள விதை பரவியதைப் பற்றி ரயனும் குரோஸும் 1943இல் எழுதிய ஆய்வு எனக்குப் பிடித்தமானது. 259 விவசாயிகளில் இருவர் தவிர எல்லோரும் அந்த விதைக்கு மாறினார்கள், ஆனால் பலர் முதல் வருடம் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் விதைத்துப் பார்த்தார்கள். முந்தியவர்களுக்கு விதை விற்பவர் சொன்னார், பிந்தியவர்களுக்கு அயலவரின் வயல் சொன்னது. அம்மப்பாவும் முதலில் ஒரு பாகம் நைலோன் வலையை வாங்கி, பழைய வலையோடு தைத்துத்தான் பார்த்தாராம். அடுத்த மாரிக்கு முழுவதும் மாற்றினார். பட்டை அவித்த கிடாரத்தில் அதன்பின் அம்மம்மா நெல் அவித்தார்.

முறுக்கு நைலோனுக்குப் பிறகு வந்த ஒற்றை இழைத் தங்கூசி வலைக்கு இந்தத் தயக்கமெல்லாம் தேவைப்படவில்லை. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, மீன் மாட்டும், விலையும் குறைவு. தொலைந்தால் என்னவாகும் என்று வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. 2006இல் இலங்கை அதைத் தடைசெய்தது. இன்னும் வாவியில் கிடக்கிறது.

போன மாதம் கண்டல் வேரில் சிக்கிய தங்கூசித் துண்டொன்றை அறுத்தெடுத்தேன். எத்தனை வருடத்துப் பழசோ, இழை உக்கவேயில்லை. உள்ளே மூன்று நண்டுகள். ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது.