ஜன்னலைத் திறந்து வைத்தால் அது புகைபோக்கி ஆகிவிடாது

1/ அமெரிக்கா, கனடாவில் டிராவல் டிரெய்லர் வாங்கி, லீவு விட்டால் குடும்பத்தோடு கிளம்பும் நம்மவர்கள் உண்டு. குளிர் ஆரம்பித்ததும் வரும் கேள்வி: "டாக்டர், உள்ளே புரொப்பேன் ஹீட்டர் மாட்டலாமா?" மாட்டலாம். ஆனால் எந்த ஹீட்டர் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2/ ஹீட்டரில் இரண்டு வகை. ஒன்று, எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் குழாய் வழியாக வெளியே தள்ளுவது. இது டைரக்ட் வென்ட். இன்னொன்று வென்ட் ஃப்ரீ. குழாயே கிடையாது. நீங்கள் சுவாசிக்கும் காற்றிலேயே எரியும், எரிந்த மிச்சத்தையும் அங்கேயே விடும்.

3/ "சூடு துளியும் வீணாகாது" என்பார்கள். உண்மைதான். வெளியே போக வேண்டியதெல்லாம் உள்ளேயே இருக்கிறதே, எப்படி வீணாகும்? அந்த ஹீட்டருக்குப் புகைபோக்கி இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறது. உங்கள் நுரையீரல்தான் அது.

4/ புரொப்பேன் முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வரும். 1 கிலோ எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி. டிரெய்லர் சுவரெல்லாம் வியர்ப்பதும் பூஞ்சை பிடிப்பதும் இதனால்தான். ஆக்ஸிஜன் குறைந்தாலோ, பர்னரில் தூசி அடைத்தாலோ அரைகுறையாக எரியும். அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை.

5/ இந்த வாயு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, வாந்தி, தலைசுற்றல், அசதி. "ஃப்ளூ போல இருக்கு, தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று படுப்பார்கள். எழுந்திருக்க மாட்டார்கள்.

6/ "பல்ஸ் ஆக்ஸிமீட்டர்ல 98 காட்டுதே?" காட்டும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இந்த விஷயத்தில் அதை நம்பாதீர்கள்.

7/ இனி வழக்கமான வாதங்களுக்கு வருவோம்.

"ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்குவோம்." வெளியே மைனஸ் பத்து டிகிரி. குழந்தை நடுங்குகிறது. ராத்திரி 2 மணிக்கு அந்த ஜன்னல் திறந்தே இருக்கும் என்று சத்தியம் செய்வீர்களா? அரைத் தூக்கத்தில் இருப்பவரின் ஒழுக்கத்தை நம்பி நிற்பது பாதுகாப்பு ஏற்பாடே இல்லை.

8/ "அதுல ஆக்ஸிஜன் சென்சார் இருக்கு சார், தானா அணைஞ்சிடும்." அந்த சென்சார் ஆக்ஸிஜன் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கினால் ஹீட்டரை அணைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. கார்பன் மோனாக்சைடை அது அளப்பதே இல்லை. பர்னர் அழுக்காக இருந்தால் ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்போதே விஷவாயு வரும்.

9/ "பத்து வருஷமா யூஸ் பண்றேன், ஒண்ணும் ஆகலை." ஆனவர்கள் வந்து உங்களோடு வாதாட மாட்டார்கள் ஐயா. தீ விபத்துகளைக் கணக்கில் சேர்க்காமலே, கார்பன் மோனாக்சைடால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 400 பேருக்கு மேல் சாகிறார்கள் என்கிறது அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம்.

10/ நமக்குத் தூரத்து விஷயம் இல்லை இது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலைப்பகுதிக்குச் சுற்றுலா போன கேரளத்தவர் 8 பேர், அதில் 4 குழந்தைகள், குளிருக்காக கேஸ் ஹீட்டர் வைத்த ஒரே அறையில் தூங்கி இறந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர். அங்கே காரணம் ஜெனரேட்டர் புகை. இயந்திரம் வேறு, கொன்ற வாயு ஒன்றுதான்.

11/ டைரக்ட் வென்ட் வகையில் விலை அதிகம், சுவரில் ஓட்டை போட வேண்டும், ஃபேன் பேட்டரியைத் தின்னும். எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் பேட்டரி தீர்ந்தால் குளிரும். அடுத்தது தீர்ந்தால்?

12/ எனவே மாட்டுவதானால்:

• டிரெய்லருக்கென்றே அங்கீகரித்த டைரக்ட் வென்ட் மட்டும். வீட்டு ஹாலுக்கான வென்ட் ஃப்ரீ வேண்டவே வேண்டாம்.
• கேஸ் இணைப்பையும் பிரஷர் டெஸ்ட்டையும் லைசென்ஸ் உள்ளவர் செய்யட்டும். வீடியோ பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது.
• புகை வெளியேறும் வாய், திறக்கும் ஜன்னலுக்குக் கீழே வரக் கூடாது. பனி மூடுகிறதா என்று தினமும் பாருங்கள்.
• புரொப்பேன் காற்றைவிட சுமார் ஒன்றரை மடங்கு கனம். அதன் லீக் அலாரம் தரையை ஒட்டி இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கை அருகில். அதற்கும் காலாவதித் தேதி உண்டு, திருப்பிப் பாருங்கள்.

13/ அலாரம் அடித்தாலோ, உள்ளே இருக்கும் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தாலோ யோசிக்காதீர்கள். எல்லோரும் வெளியே. பிறகு ஆம்புலன்ஸுக்கு போன். மருத்துவமனையில் "உள்ளே கேஸ் ஹீட்டர் ஓடியது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் சரியான ரத்தப் பரிசோதனை உடனே நடக்கும், ஆக்ஸிஜன் சிகிச்சை தாமதமாகாது.

14/ ஹீட்டர் விற்பவருக்கு ஒரு வருட வாரண்டி கொடுக்க முடியும். உங்கள் பிள்ளையின் மூச்சுக்கு யாரும் வாரண்டி கொடுக்க முடியாது. டிரெய்லர் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் யாராவது இருந்தால் இதை அனுப்பி வையுங்கள் மக்களே.