இல்லாத புத்தகத்துக்கு ஏது பதிவேடு?

பல்கலைக்கழகத்துக்கு விருந்தினர் யார் வந்தாலும், "எங்கள் நூலகத்தில் இரண்டு லட்சம் நூல்கள்" என்று ஒருவர் பெருமையோடு ஆரம்பிப்பார். உயர்கல்வித் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவுக்குத் தயாராகும் கோப்பிலும் நூல் எண்ணிக்கை, ஆண்டுச் செலவு, தினசரி வருகை எல்லாம் இருக்கும். வந்தவர்களில் எத்தனை பேர் கேட்ட புத்தகத்தோடு வெளியே போனார்கள் என்ற கணக்கைத்தான் காணோம். நூல் பெருத்தால் நூலகம் சிறக்கும் என்று நாம் நம்பிவிட்டோம். களஞ்சியத்தில் நெல் மூட்டைகளை எண்ணிவிட்டு, ஊரே சாப்பிட்டாயிற்று என்று ஏப்பம் விடுவதுதான் இது.

மாணவனாக இருந்தபோது ஒரு நூலைத் தேடிப் போனேன். கணினி 'உள்ளது' என்றது, ரேக்கில் இல்லை. "யாராவது மாத்தி வெச்சிருப்பாங்க தம்பி, நாளைக்கு வாங்க" என்றார் கவுன்டரில் இருந்த அண்ணன். நான்காம் நாள் வேதியியல் வரிசையின் பின்புறம் அகப்பட்டது. தேர்வுக்காக எவனோ ஒளித்து வைத்திருக்கிறான். (அந்தப் பாவத்தை நானும் ஒருமுறை செய்ததுண்டு.) நான் வெறுங்கையோடு திரும்பிய மூன்று நாட்களும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இரவல் பதிவேடு கிடைத்ததை மட்டும்தான் எழுதும். கிடைக்காததற்கு அதில் கட்டமே கிடையாது.

அமெரிக்காவில் பால் கேன்டர் என்ற ஆய்வாளர் 1970களில் இந்தத் தோல்வியைக் கூறுபோட்டுப் பார்க்க ஒரு முறை வகுத்தார். நூலகம் அந்த நூலை வாங்கியிருக்கிறதா? வாங்கியிருந்தால், வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறாரா? போகவில்லை என்றால், வைத்த இடத்தில் இருக்கிறதா? இருந்தால், வாசகர் கண்ணில் படுகிறதா? ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் பெருக்கினால் 66கூடத் தேறாது. தனித்தனியே எல்லாரும் நன்றாக வேலை செய்த நூலகத்திலேயே மூன்றில் ஒருவர் ஏமாந்து போகிறார். இதில் புதிதாக நூல் வாங்கிச் சரிசெய்யக்கூடியது முதல் படி. அதிகப் பிரதி வாங்கினால் இரண்டாவதும் கொஞ்சம் சரியாகும். மற்ற இரண்டுக்கும் ரேக்கை அடுக்க ஆள் வேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும். அந்தப் பணியிடங்களைத்தான் நாம் நிரப்பாமல் வைத்திருக்கிறோம்.

வாங்கிக் குவித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சாட்சி. 1969-இல் அங்கே வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம் அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று 1979-இல் வெளியான ஆய்வு சொன்னது. அதில் குறை கண்டவர்களும் உண்டு. அது இருக்கட்டும்.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக நூலகத்தின் கதைதான் எனக்குப் பிடித்தது. மைக்கேல் பக்லண்ட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் அங்கே கண்டது, எல்லாரும் கேட்பது ஒரு சில நூல்களை, அவையோ எப்போதும் வெளியே. அதனால் அந்த நூல்களுக்கு மட்டும் இரவல் காலத்தைச் சுருக்கினார்கள். கேட்ட நூல் கிடைக்கும் வாய்ப்பு கூடியது. பிறகு சற்றே இறங்கியது. ஏன்? போனால் கிடைக்கும் என்று தெரிந்ததும் மாணவர்கள் அதிகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்! ஆகவே கேட்டது கிடைக்கும் சதவீதத்தையும் தனியே வைத்துக் கும்பிட முடியாது. அது இறங்கினால் உடனே நூலகரைத் திட்டும் அதிகாரிக்கு இதை யார் சொல்வது?

வாங்கிக் குவிப்பதற்கு ஆதரவாக, நூலகம் வளரும் உயிரி என்று எஸ். ஆர். ரங்கநாதனே சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் அது கடைசி. அந்த உயிரியில் வாசகரையும் ஊழியரையும் அவர் சேர்த்தே எண்ணினார். அதற்கு முந்தைய நான்காம் விதி வாசகரின் நேரத்தைப் பற்றியது. மேடையில் அது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கிடைக்காததைக் கணக்கெடுக்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பருவத்துக்கு ஒரு வாரம், வாசலில் ஒரு துண்டுச்சீட்டு போதும். எந்த நூலுக்கு வந்தீர்கள், கிடைத்ததா? 'இல்லை' என்று எழுதியவரின் சீட்டோடு ஒரு ஊழியர் அந்த ரேக்குக்கு நடந்து போய், நூல் எங்கே தொலைந்தது என்று அன்றைக்கே பார்த்துவிட்டு வரட்டும்.