மியூசியத்துக்கு நிதி திரட்டுவது தனி வேலையா? இங்கிலாந்தில் எப்படி நடக்கிறது?

இங்கிலாந்தின் தேசிய அருங்காட்சியகங்களில் 2001 டிசம்பர் முதல் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. அப்போ செலவுக்குப் பணம்? அரசு மானியம் மட்டும் போதாது. அதனால்தான் நன்கொடையாளர்களிடம் பேச, உறுப்பினர்களைச் சேர்க்க, அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் எழுத, உயில் மூலம் வரும் கொடைகளைக் கவனிக்க எனத் தனிப் பிரிவுகளே இயங்குகின்றன.

சிக்கல், யார் பணத்தை வாங்குவது என்பதில்தான். ஓபியாய்டு வலிநிவாரணி சர்ச்சையால் சாக்லர் குடும்பப் பெயரைத் தன் காட்சிக்கூடங்களிலிருந்து 2022-ல் நீக்கியது பிரிட்டிஷ் மியூசியம். ஆனால், சூழலியல் ஆர்வலர்கள் எதிர்த்தும், எண்ணெய் நிறுவனமான பிபி-யிடம் 10 ஆண்டுகளில் 5 கோடி பவுண்டு பெற 2023-ல் ஒப்புக்கொண்டது. டேட் கேலரியோ பிபி உடனான ஸ்பான்சர் உறவை 2017-லேயே முடித்துக்கொண்டது.

ஆக, நன்கொடை கேட்கும் வேலையில் இருப்பவர், யாரிடம் கேட்கக் கூடாது என்ற கணக்கையும் போட வேண்டியிருக்கு.