‘லைன்’ என்றால் கோடு மட்டும்தானா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். இன்று சண்டை போடத்தான் வந்திருக்கிறேன்.

போன வாரம் பேத்தி தன் ஆங்கில நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஏழாம் வகுப்பு. பொருள் எழுதச் சொன்ன 10 சொற்களில் ‘லைன்’ ஒன்று. ‘வரிசை’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி. பக்கத்தில் ‘கோடு’ என்று திருத்தம். “பாட்டா, ரேஷன் கடையில லைன்ல நில்லுன்னுதானே சொல்லுதாங்க. அது கோடா?” என்று கேட்டாள்.

எனக்கு வாய் வரவில்லை. அதே பெருக்கல் குறியை 30 வருடத்துக்கு முன் நானும் போட்டிருக்கிறேன். ஒரு பையன் ‘கம்பி’ என்று எழுதினான். அவன் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். அவன் வீட்டில் லைன் என்றால் கம்பிதான். நான் அதை வகுப்பில் உரக்க வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் கைடில் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை எழுதியதில்லை. தம்பி, இதை நீ வாசிக்கிறாய் என்றால், உன் விடை சரி. தப்பு என்னுடையது.

நம் ஊரிலேயே பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு 1981-ல் ரயில் ஓடத் தொடங்கியதே, அது ரயில்வே லைன், பாதை. முப்பந்தல் காற்றாலையிலிருந்து கரண்ட் போவது கம்பி. போனில் லைன் கிடைக்கவில்லை என்றால் தொடர்பு. கபடியில் லைனைத் தொட்டால் எல்லை. பாட்டில் ரெண்டு லைன் என்றால் அடி. ‘அவன் லைனே வேற’ என்றால் தொழில். வாலிபப் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் அடிக்கும் லைனுக்கு நான் பொருள் சொல்ல வேண்டியதில்லை! இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்கள் வரிசையாகக் கட்டிய அறைகளில் குடியிருந்தார்கள். அந்த ‘லைன்’ அவர்கள் வாயில் ‘லயம்’ ஆகி, தமிழாகவே ஆகிவிட்டது.

இன்னொன்று. 1809 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வேலுத்தம்பி தளவாயின் ஆட்களை முறியடித்து நம் ஊர்க் கணவாய் அரணைப் பிடித்தது. வெள்ளைக்காரர்கள் நம் ஊரை ஆராம்போலி என்பார்கள். அந்த அரணை ‘ஆராம்போலி லைன்ஸ்’ என்று எழுதினார்கள். மலையிலிருந்து குறுக்கே இழுத்த கோட்டை மதில் அது. ‘லைன் என்றால் கோடு’ என்று மட்டும் படித்த பிள்ளை, தன் சொந்த ஊர்ச் சரித்திரத்தை ‘ஆரல்வாய்மொழிக் கோடுகள்’ என்று வாசிக்கும். இது சிரிக்கிற விஷயமா?

அந்தச் சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. அதிலிருந்து வந்ததுதான் லைன். கொத்தனார் நூல் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டிய நூல் கோடாகும். நூலை ஒட்டி ஆட்கள் நின்றால் வரிசையாகும். அதைத் தாண்டாதே என்றால் எல்லையாகும். நம் ‘நூல்’ மட்டும் என்ன? தையல் நூல், வாசிக்கும் நூல், ஆசாரி இஞ்சியில் எட்டில் ஒரு பங்காகச் சொல்லும் நூல். மரத்தின் கோணலைத் தச்சன் நூல் தீர்ப்பதுபோல மனக் கோணலைப் படிக்கும் நூல் தீர்க்கும் என்று நன்னூல் சொல்கிறது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதே இல்லை.

தொல்காப்பியர் இதற்கு வழியும் சொல்லிவிட்டார். பல பொருள் தரும் ஒரு சொல்லை அதோடு வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளிந்துகொள் என்றார். ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. சொல்லைத் தனியே பிடுங்கி வைத்துக்கொண்டு பொருள் கேட்பது, மீனைக் கரையில் போட்டு நீந்து என்பது போல.

“சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு பொருளாவது மனதில் நிற்கட்டும் சார்” என்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் சொல்வீர்கள். ஒன்றாம் வகுப்பில் சரி, ஒரு பொருளோடு தொடங்குங்கள். ஏழாம் வகுப்பில் இரண்டாவது பொருளைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்குத் தப்பு போடுவது எந்த நியாயம்? “விடைக்குறிப்பில் கோடு என்றுதான் இருக்கிறது” என்பீர்கள். அப்படியானால் கேள்வியை மாற்றுங்கள். சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். அதற்கு அரசாணை வேண்டாம்; பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் போதும்.

பெற்றோராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டில் சிவப்பு மையைக் கண்டதும் பிள்ளையை ஏசாதீர்கள். “எதை நினைத்து இப்படி எழுதினாய், மக்கா?” என்று முதலில் கேளுங்கள். நான் அந்தப் பையனிடம் கேட்காத கேள்வி அது.

பேத்தியின் நோட்டில் அந்தப் பெருக்கல் குறிக்குக் கீழே பென்சிலால் ஒரு சரி போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அவள் டீச்சர் கூப்பிட்டால் நானே போய்ப் பேசுவேன்.