ஓடாத மூங்கில்



வட இங்கிலாந்தில் குடும்பத்துடன் வாழ்ந்துவரும் சகோதரி ஒருவரின் கடிதம் இம்மாதம் வந்திருக்கிறது. புதிதாக வாங்கிய வீட்டின் பின்புறம் சிறியதொரு தோட்டம் உண்டாம். வேலியோ தாழ்வானது. அக்கம்பக்கத்து மாடிச் சன்னல்களிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். வயதான மாமியாரும் தாமும் சற்றுநேரம் காற்றாட அமர இயலவில்லை என்று வருந்தியிருக்கிறார். “மூங்கில் நட்டால் மறைவு கிடைக்கும் என்கிறார்கள். மூங்கில் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து சண்டையை உண்டாக்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். இதில் எது உண்மை?” என்பது அவருடைய கேள்வி.

மதரஸா ஆசிரியரிடம் மூங்கிலைப் பற்றிக் கேட்பானேன் என்று சிலர் நகைக்கலாம். வாசகர் கேட்பதைத் தேடிப்படித்துச் சொல்வது இப்பகுதியின் வழக்கம். மேலும், அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பாடம் சொல்கிறவனுக்கு இக்கேள்வி அவ்வளவு அந்நியமானதும் அன்று.

சகோதரி கேள்விப்பட்ட இரண்டுமே உண்மைதான். ஆனால் அவை இரண்டு வேறு மூங்கில்களைப் பற்றிய உண்மைகள்.

நம் ஊர்களில் மூங்கில் என்றால் நினைவுக்கு வருவது ஆற்றங்கரையில் அடர்ந்து நிற்கும் முள்மூங்கிற் புதர். அது தன் தூரைவிட்டு அகலாது. நிலத்தடியில் இருக்கும் அதன் தண்டு குட்டையானது. சிறிது வளைந்து, நுனியில் மேல்நோக்கி எழுந்து, அதுவே அடுத்த கழியாகிவிடும். ஆகவே புதர் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பருக்குமேயன்றி ஓடாது. வெப்ப நாட்டு மூங்கில்களில் பெரும்பாலானவை இவ்வகையினவே. மூங்கில் வேலி தாண்டிப் போகும் என்னும் செய்தி நமக்கு வியப்பளிப்பது இதனால்தான்.

குளிர்நாடுகளின் தோட்டங்களில் மிகுதியாக விற்கப்படும் ஃபில்லோஸ்டாக்கிஸ் என்னும் இனத்தின் இயல்பு முற்றிலும் வேறு. அதன் நிலத்தடித் தண்டு மேலே எழாமல் மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடிக்கொண்டேயிருக்கும். வழியில் கணுக்களிலிருந்து முளைகளை மேலே அனுப்பும். முதல் ஓரிரு ஆண்டுகள் சாதுவாக நிற்பதைக் கண்டு வீட்டார் மகிழ்ந்திருப்பர். பிறகு ஒரு வசந்தகாலத்தில் பக்கத்து வீட்டுப் புல்தரையின் நடுவே கூர்மையான முளைகள் தலைகாட்டும். இதைத் தடுக்கவேண்டுமாயின் சுற்றிலும் குறைந்தது 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கனத்த பிளாஸ்டிக் தகட்டை இறக்கி, அதன் விளிம்பு மண்ணுக்கு மேலே சிறிது நீட்டிக்கொண்டிருக்குமாறு செய்யவேண்டும். அதன் பின்னும் கண்காணிப்பு ஓயாது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 2013ஆம் ஆண்டில், இத்தகைய மூங்கில் எல்லை தாண்டி விளைவிக்கும் சேதத்துக்கு நட்டவரே பொறுப்பு என்று சட்டமே இயற்றியது என்றால், எத்தனை அண்டை வீட்டார் மனம் நொந்திருப்பர் என்று எண்ணிப்பாருங்கள்!

அப்படியானால் நம் முள்மூங்கிலைக் கொண்டுபோய் அங்கே நட்டால் என்ன? உறைபனியில் மாண்டுவிடும். ஓடாதது குளிர் தாங்காது. குளிர் தாங்குவது ஓடும். இந்த இக்கட்டுக்கு விடையாக இருப்பது ஃபார்ஜீசியா என்னும் இனம். மத்திய, மேற்குச் சீனத்தின் உயர்ந்த மலைக்காடுகளில், பெருமரங்களின் நிழலில், பனியும் மூடுபனியும் சூழ வளர்வது. பாண்டாக் கரடிகளின் உணவுகளில் இதுவும் ஒன்று. அம்மலைகளில் செடிகளைச் சேகரித்த பிரெஞ்சுப் பாதிரியார் பால் ஃபார்ஜ் என்பவரின் பெயரால் இது வழங்கப்படுகிறது. நம் மூங்கிலைப்போலவே குட்டைத் தண்டுடன் தூர்கட்டி நிற்கும். ஆனால் இதன் சில வகைகள் சுழிக்குக் கீழே 25 பாகை அளவு குளிரையும் தாங்கும். இங்கிலாந்தின் குளிர் இதற்கு ஒரு பொருட்டே அன்று.

இவ்வினத்தில் முரியேலே என்றொரு வகை உண்டு. அதன் வரலாறு சுவையானது. எர்னெஸ்ட் வில்சன் என்னும் ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர் 1907ஆம் ஆண்டில் சீனத்தின் ஹூபே மாகாணத்தில் அதைக் கண்டெடுத்தார். அது பின்னர் அவருடைய மகள் முரியேலின் பெயரைப் பெற்றது. 1913இல் அதன் ஒரு செடி லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்தது. ஐரோப்பாவெங்கும் பரவியவை அத்தூரைப் பிரித்துப் பிரித்து நட்டவையே. தோட்டங்கள் ஆயிரமாயினும் செடி ஒன்றுதான் என்று சொல்லவேண்டும். மூங்கில் வாழ்நாளில் ஒருமுறை பூத்து மடிவது. மூங்கிலரிசி கண்டவர்களுக்கு இது தெரியும். 1970களில் டென்மார்க்கில் முதலில் பூக்கத் தொடங்கி, 1990கள் வரை நாடுதோறும் முரியேலே மூங்கில்கள் அடுத்தடுத்துப் பூத்து உலர்ந்தன. நீர் ஊற்றியும் உரமிட்டும் பயனில்லை. சீன மலைகளிலோ இழப்பு இன்னும் பெரிது. 1970களின் நடுவில் மின்ஷான் மலைத்தொடரில் மூங்கில் பூத்து அழிந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பாண்டாக்கள் பட்டினியால் மாண்டன.

சகோதரி இதனால் அஞ்சவேண்டியதில்லை. இன்று விற்பனையாகும் முரியேலே செடிகள் பெரும்பாலும் அப்போது உதிர்ந்த விதைகளிலிருந்து வந்த புதிய தலைமுறை. அவை மீண்டும் பூக்கும் காலத்தைப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தாம் காணக்கூடும்.

இனி நடும் முறை. வசந்தகாலமே ஏற்றது, குளிர் வருமுன் வேர்பிடிக்க அவகாசம் கிடைக்கும். தொட்டியைப்போல் இருமடங்கு அகலமாகக் குழி வெட்டி, மக்கிய உரம் கலந்து, தொட்டியில் இருந்த ஆழத்திலேயே நடவேண்டும். செடிக்குச் செடி ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி போதும். முதல் இரண்டு கோடைகளில் தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. அதற்காக வேரடியில் நீர் தேங்கவும் கூடாது. உதிரும் இலைகளைப் பெருக்கி எறியாதீர்கள். அவை தூரடியிலேயே மக்கட்டும். அதுவே அதற்கு மூடாக்கும் உணவும் ஆகும். பிற்பகல் வெயிலும் வறண்ட காற்றும் இதற்கு ஆகா. குளிர்காலத்தில் செடியைக் கொல்வது பெரும்பாலும் குளிரன்று. மண் உறைந்து நீர் கிடைக்காதபோது இலைகளை வறட்டும் காற்றுதான். ஆகவே உறைபனிக்கு முன் மண் காய்ந்திருந்தால் ஒருமுறை நன்றாக நீர் பாய்ச்சுங்கள். கடுங்குளிரில் இலைகள் நீளவாக்கில் சுருண்டுகொள்ளும். நோய் என்று பதற வேண்டாம். தன் ஈரத்தைக் காத்துக்கொள்ளச் செடி கையாளும் வழி அது.

மறைவு எப்போது கிடைக்கும் என்பதில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும். ஓடும் மூங்கில் இதைவிட விரைவாக மறைக்கும். விலையும் பெரும்பாலும் குறைவு. அதனால்தான் மக்கள் அதில் மயங்குகிறார்கள். அதுவரை மாமியார் அமரும் மூலையில் மட்டும் சிறு பந்தல் போட்டுக் கொடி ஏற்றிவிடலாம். அங்கே வேலியை 2 மீட்டருக்கு மேல் உயர்த்தப் பொதுவாக அனுமதி பெறவேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க.

முரியேலே 3 முதல் 4 மீட்டர் வரை வளரும். ரூஃபா என்னும் வகை சற்றுக் குட்டை. ஆள் உயரத்துக்கு மேல் சிறிது போகும். நிமிர்ந்து உயர்வது ரொபஸ்டா. புதுக்கழிகளின் வெளிர்நிற உறைகள் பச்சையினூடே கட்டம் போட்டதுபோல் தோன்றும். குளிர் தாங்குவதில் அது மற்றவற்றுக்குச் சற்றுப் பின்தங்கியதேயாயினும் இங்கிலாந்துக்குப் போதுமானது. மாடிப் பார்வையை மறைக்க நான் அதையே பரிந்துரைப்பேன். கனடாவில் இருப்பவர்கள் முரியேலேயைத் தேர்ந்துகொள்ளட்டும். சென்னையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் இருப்பவர்கள் இவற்றில் எதையும் தேடி அலையவேண்டாம். நம் சமவெளி வெயிலில் ஃபார்ஜீசியா நில்லாது.

கடையில் பெயர்ச்சீட்டைப் பார்த்து வாங்குங்கள். வெறுமனே மூங்கில் என்று எழுதியிருந்தால் தாவரவியற் பெயரைக் கேளுங்கள். விற்பவர் சொல்லத் தயங்கினால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். நடும்போது வேலியிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி நடுங்கள். ஓடாத மூங்கிலும் மழையில் நனைந்தால் தலைகவிழும். அந்தத் தலை அடுத்த வீட்டுத் துணிக்கொடியில் போய்ச் சாயவேண்டாமல்லவா?