பஸ்ஸும் சம்பளப் பிரச்சினைதான்



“சங்கம் சம்பளத்தைப் பார்த்தால் போதும். பஸ் வருவதும் வராததும் நம் கையிலா இருக்கிறது?” என்று கேட்பவர்கள் நம் தோட்டக் கமிட்டிகளிலேயே இருக்கிறார்கள். இந்த எண்ணம் பிழையானது. பஸ் வராத ஒவ்வொரு நாளும் நம் சம்பளத்தில்தான் கை வைக்கிறது.

ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! 2021இல் அது கிடைத்தது. 2024இல் 1,350 ரூபா ஆனது. வாங்கும் சம்பளத்தில் எவ்வளவு வீட்டு அடுப்புக்கு வந்து சேருகிறது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டோ. கிளினிக் முடிந்து வரும்போது பஸ் இல்லை என்றால் ஓட்டோ. சம்பளத்தன்று சாமான் மூட்டையோடு கடைசி பஸ்ஸை விட்டால் மறுபடியும் ஓட்டோ. ஓட்டோ ஓடும் தம்பிமாரை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் நம் லயத்துப் பிள்ளைகள்தான். ஆனால் ஒருதரம் டவுனுக்குப் போய்வர அரைப்பேர் காசு போகிறதென்றால் அதுவும் சம்பள வெட்டுத்தான். துரை அரைப்பேர் போட்டால் வேலையை நிறுத்துகிறோம். பஸ்ஸால் அரைப்பேர் போனால் மட்டும் தலைவிதி என்கிறோம்!

பிள்ளைகளின் நிலைமையைப் பாருங்கள். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் பஸ்ஸால் யாருக்குப் பயன்? மழைக்காலத்தில் மேல் டிவிசன் பிள்ளைகள் நனைந்த சப்பாத்தோடு இரண்டாம் பாடத்துக்கு வந்து சேருவதை ஆசிரியனாக நான் தினமும் பார்க்கிறேன். சீசன் டிக்கெட் அரசாங்க பஸ்ஸில்தான் செல்லும். அரசாங்க பஸ் வராத நாளில் அது வெறும் அட்டை. உயர்தரம் படிக்க டவுனுக்குப் போகும் பெண்பிள்ளையை, இருட்டில் தேயிலை மலைக்குள் நடந்து வர வேண்டுமே என்று பயந்து எத்தனை வீட்டில் நிறுத்தியிருக்கிறோம்? அந்தக் கணக்கு எந்தச் செக்ரோலிலும் இல்லை.

பஸ் ஏன் வருவதில்லை என்று கேட்டால் மூன்று இடத்தில் மூன்று பதில். டிப்போவில், “ரோட்டு மோசம், அந்தப் பக்கம் நட்டம்.” தோட்ட ஆபீஸில், “ரோட்டுப் போடக் கம்பனியிடம் காசில்லை.” பிரதேச சபையில், “அது தோட்டத்து ரோட்டு, எங்களுக்கு அதிகாரமில்லை.”

தோழர்களே, சபை சொல்லும் பதிலுக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நம்மை ஒதுக்கி வைத்திருந்தது உண்மை. ஆனால் 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள்ளும் சபைகள் வேலை செய்ய வழி திறந்தது. அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று தனிச் சபைகளும் வந்தன. அந்தக் கதிரைகளில் இருப்பவர்கள் நம் வோட்டில் போனவர்கள்.

நட்டக் கதையும் பாதிக்கதைதான். வருமானம் குறைந்த வழிகளில் ஓடுவதற்கும் சீசன் டிக்கெட்டுக்கும் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குத் திறைசேரி பணம் கொடுக்கிறது. கிராமங்களுக்கு ‘கெமி செரிய’, பாடசாலைப் பிள்ளைகளுக்கு ‘சிசு செரிய’ என்ற சேவைகள் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இலாபக் கணக்குப் பார்க்கிறார்கள்? மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. கூட்டம் உள்ள நேரத்தில் மட்டும் ஓடி, கடைசி ஓட்டத்தை வெட்டுபவர்களை அந்தச் சபை கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். சாரதியோடும் கொண்டக்டரோடும் சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை. உடைந்த பஸ்ஸை உடைந்த ரோட்டில் ஓட்டும் அவர்களும் தொழிலாளர்கள்தான். கேள்வி மேலே போக வேண்டும். அதற்கு நாம் செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு பஸ் தரிப்பிடத்துக்கும் ஒரு கொப்பி. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எது வரவில்லை, எத்தனை பேரை ஏற்றாமல் போனது என்று ஒரு மாதம் எழுதுவோம். உயர்தரப் பிள்ளைகளும் மாதர் சங்கத்தினரும் இதைப் பொறுப்பெடுக்கலாம்.

2. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நம் வழியில் ஓட வேண்டிய நேர அட்டவணையை டிப்போவிடமும் மாகாண அதிகார சபையிடமும் கேட்போம். தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். அந்த அட்டவணையையும் நம் கொப்பியையும் பக்கத்தில் வைத்தால் யார் பொய் சொல்கிறார்கள் என்பது தெரியும்.

3. பிரதேச சபைக்கு “ரோட்டைச் செய்து தாருங்கள்” என்று பொதுவாக எழுதாமல், எந்த வளைவு, எந்தப் போக்கு, எந்தப் பாலம் என்று குறித்து மகஜர் கொடுப்போம். பெரிய பஸ் திருப்ப முடியாத இடத்துக்குச் சின்ன பஸ் கேட்போம்.

4. பாடசாலை தொடங்கும் முன்பு ஒன்று, 1.30க்குப் பாடசாலை விட்டதும் ஒன்று, அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு ஒன்று, டவுனிலிருந்து இரவில் கடைசியாக ஒன்று. இந்த நான்கு ஓட்டமும் நம் குறைந்தபட்சக் கோரிக்கை.

மகஜரில் பெண்களின் கையொப்பம் முதலில் இருக்கட்டும். கூடையை இறக்கிவிட்டு, கைக்குழந்தையோடு சந்தியில் காத்து நிற்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பள விடயத்துக்கு அடுத்ததாக பஸ் விடயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கொப்பியை வருகிற மாதம் முதலாம் திகதி தொடங்குவோம். மாதம் முடிந்ததும் தோட்டத் தலைவர்கள் எல்லாக் கொப்பிகளையும் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படைக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு டிப்போவுக்கும் சபைக்கும் ஒன்றாகப் போவோம்.