கிருமிக்கும் உண்டோ தலையெழுத்து?

முட்டைக்குப் பெயர்பெற்ற பூமி நாமக்கல். அங்கே மருந்திட்ட பின்னும் கோழிகள் மாண்டால் இருவகைப் பேச்சு எழுகிறது. "ஆத்தாளின் கோபம்" என்பர் ஒரு சாரார். "கிருமி மருந்தைப் புரிந்துகொண்டு தன்னை மாற்றிக்கொண்டது" என்பர் ஏடறிந்த மறு சாரார். முன்னதை மூடத்தனம் என்று தள்ளுகிறோம். பின்னதை மட்டும் விஞ்ஞானம் என்று தலைமேல் தாங்கலாமோ? மூளையே இல்லாத உயிருக்குத் திட்டம் ஏது, நோக்கம் ஏது?

1943-இல் லூரியாவும் டெல்புருக்கும் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். 1952-இல் லெடர்பெர்க் இணையர் கண்ணாலேயே காணச் செய்தனர். மருந்தையே அறியாத பாக்டீரியாக்கள் வளர்ந்த தட்டிலே வெல்வெட்டுத் துணியை ஒற்றி, மருந்திட்ட பல தட்டுகளில் அதே வரிசையில் பதித்தனர். எல்லாத் தட்டுகளிலும் அதே இடங்களில் சில பிழைத்தெழுந்தன! மருந்தைக் காணுமுன்பே அவற்றின் மரபில் மாற்றம் இருந்தது. மருந்து அம்மாற்றத்தைப் படைக்கவில்லை. மற்றவற்றைக் கொன்று, மாறியவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது.

நெருக்கடிக்குப் பங்கே இல்லையா? உண்டு. புறஊதாக் கதிரும் சில மருந்துகளும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும்போது, பல பாக்டீரியாக்கள் அவசர அவசரமாகப் படியெடுக்கின்றன. அவசர எழுத்திலே பிழை மலியும். பெரும்பாலான பிழைகள் வீண் அல்லது கேடு. ஏதோ ஒன்று உயிர்காக்கும். பிழைகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது. அவற்றுக்குக் குறி என்பது கிடையாது.

அப்படியானால் குற்றவாளி யார்? ஆத்தாளும் அல்ல, கிருமியும் அல்ல, இலாப வெறி! பிற மருந்துகள் தோற்றபின் மனிதருக்குக் கடைசித் துணையாக நிற்பது கோலிஸ்டின். அதை நோய் தீர்க்க அன்று, எடை கூட்டக் கோழித் தீவனத்திலே கலந்தனர் இந்நாட்டில். அம்மருந்தை வெல்லும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதைச் சீனத்து ஆய்வாளர்கள் 2015-இல் அறிவித்தனர். உணவுக்கான விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை இந்திய அரசு தடை செய்ததோ 2019-இல்தான். தீவன மூட்டையிலே சிலர் தேடிய இலாபத்துக்கு, மருந்து கேளாத காய்ச்சலோடு சேலத்து மருத்துவமனைக் கட்டிலிலே கிடக்கும் நெசவாளி விலை கொடுக்க வேண்டுமா?

தோழர்களே! ஆடியிலே கூழ் ஊற்றிக் கிருமியை விரட்ட முடியாது. மருத்துவர் எழுதாத மாத்திரையைக் கடையிலே கேட்டு விழுங்குவதும் அதே மூடத்தனத்தின் மறுமுகமே. தீவனத்தில் என்ன கலந்தீர் என்று பண்ணையிலே கேளுங்கள். சீட்டில்லாமல் ஏன் விற்கிறீர் என்று மருந்துக்கடையிலே கேளுங்கள். கிருமிக்குத் தலையெழுத்து இல்லை. நமக்கும் இல்லை. ஆனால் கிருமிக்கு இல்லாத சிந்தனை நமக்கு உண்டு. அதைப் பயன்படுத்தத் தயங்குவானேன்?